“மறுபடியுமா?”: பழைய நெருக்கடிகளின் நிழலில் ஒரு கம்பெனியின் பெயர் (வடசென்னைக்கான முழுமையான வழிகாட்டி)

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன்பு எண்ணூர் பெரியகுப்பத்து வீடுகளுக்குள் அம்மோனியா வாடை புகுந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கண்களைக் கசக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அறிவிப்பு வரட்டும் என்று யாரும் நிற்கவில்லை. அது சுனாமி வந்த தேதி. அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியிருந்தது. அன்றிரவு உடைந்தது ஒரு குழாய். ஓடியவர்களின் மனத்தில் மூன்று டிசம்பர் அடிகள்.

மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு மேசையில் பதினேழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அந்த மேசைக்குப் புதிதாக வருபவருக்காக இதை எழுதுகிறேன். பிரியாணிக் கடை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்: ஒருமுறை புழு வந்த கடையில் அடுத்த முறை கறிவேப்பிலைக் காம்பும் புழுவாகத்தான் தெரியும். ஒரு சம்பவம் நடந்ததும் மக்கள் அதன் அளவைப் பார்ப்பதில்லை, “மறுபடியுமா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி என்பதே கீழே உள்ள படிகள்.

படி 1: ஊரின் கணக்கை எழுதுங்கள், உங்கள் கோப்பை அல்ல

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பழைய சம்பவங்களின் கோப்பைக் கேட்டேன். பத்து ஆண்டுகளுக்கு மூன்று சம்பவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், வெளியேறிய அளவு, சரிசெய்த விவரம், கீழே மூன்று கையெழுத்து. சுத்தமான கோப்பு. அதை எடுத்துக்கொண்டு தாழங்குப்பத்துக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் எங்கள் கம்பெனியைப் பற்றிக் கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே ஏழு சம்பவங்கள் சொன்னார்.

அந்த ஏழில் இரண்டுதான் என் கோப்பில் இருந்தன. மூன்றாவதாக என் கோப்பில் இருந்தது ஊரில் ஒருவருக்கும் நினைவில் இல்லை, ஏனென்றால் அது மதிலுக்குள்ளேயே முடிந்த விஷயம். ஆயா சொன்னவற்றில் இரண்டு எங்களுடையவையே அல்ல, பக்கத்துத் தொழிற்சாலையுடையவை. மீதி மூன்றும் “சம்பவம்” என்று எங்கள் அதிகாரிகள் கருதாதவை: மகளின் நிச்சயதார்த்தத்தன்று வந்த வாடை, ஒரு மாதம் லாரி போய் உடைந்த சாலை, வேலை தருவதாகச் சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டு போய்த் திரும்பாத ஒருவர்.

நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கம் கம்பெனியின் கணக்கு, வலப்பக்கம் ஊரின் கணக்கு. ஊரார் தேதி சொல்ல மாட்டார்கள். “திருவொற்றியூர்த் தேர் சமயத்தில்”, “பெரியவன் பத்தாவது எழுதும்போது” என்பார்கள். அதை அப்படியே எழுதுங்கள். தேதியாக மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். கிராம நிர்வாகிகளிடம் மட்டும் கேட்டால் படகுக்காரர்களின் கணக்குதான் கிடைக்கும். முகத்துவாரத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்கள், ஐஸ் உடைப்பவர்கள், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக நுழைந்து அப்படியே ஓய்வு பெற்றவர்கள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை போனபோது அந்த ஆயாவின் வீட்டுக் கதவோரம் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. பாதிக்கு மேல் நல்ல நீலம். கீழே ஒரு சாண் அளவுக்குத் தார் பூசியதுபோலக் கறுப்பு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அந்தக் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்றார். கயிறு இன்னும் உறுதியாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லையாம். எங்கள் தொழிற்சாலைக்கும் அந்தக் கப்பல்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தக் கயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டேதான் அவர் எங்களைப் பற்றிப் பேசினார்.

படி 2: ஒவ்வொரு பழைய சம்பவத்தையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போடுங்கள்

அமெரிக்க ஆய்வாளர் திமோத்தி கூம்ப்ஸ் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிக்கிறார். கம்பெனியும் பாதிக்கப்பட்ட தரப்பாக இருப்பது முதல் வகை. புயல், வெளியாளின் சதி போன்றவை. தற்செயலாக நேர்ந்தது இரண்டாவது. இயந்திரக் கோளாறு போன்றவை. தடுத்திருக்க முடிந்தும் தடுக்காமல் விட்டது மூன்றாவது. பழி ஒன்றைவிட ஒன்றில் கூடும்.

நம் மேசைக்கு முக்கியமானது அவர் அடுத்துச் சொல்வது. முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தால், மக்கள் அந்தச் சம்பவத்தை ஒரு கூடை மேலே ஏற்றிவிடுகிறார்கள். முதல்முறை வால்வு பழுதானால் விபத்து. இரண்டாம் முறை அதே வால்வு என்றால் அலட்சியம். புயல்கூட மன்னிப்புக்கு உதவாது: ஒவ்வோர் ஆண்டும் மழை வருகிறது, உங்களுக்குத் தெரியாதா என்பார்கள். நியாயமான கேள்விதான்.

கெட்ட பெயர் உள்ள நிறுவனத்தின்மீது புதுப் பழி சுலபமாக ஒட்டிக்கொள்வதைக் கூம்ப்ஸும் ஷெர்ரி ஹாலடேயும் வெல்க்ரோ பட்டையோடு ஒப்பிட்டார்கள். நமக்கு அது நாயுருவி. ஒருமுறை அந்தப் புதருக்குள் போய்வந்த சேலையில் எது பட்டாலும் ஒட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு: பழைய கெட்ட பெயர் இழுத்துவிடும் அளவுக்குப் பழைய நல்ல பெயர் தாங்கிப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தோமே என்று நெருக்கடி நேரத்தில் பேசும் அதிகாரியை மெதுவாக வெளியே அழைத்துப் போய்விடுங்கள்.

1982இல் சிகாகோவில் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்டு ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது, பிரித்தால் தெரிந்துவிடும் உறைகளைக் கொண்டுவந்தது, சந்தையையும் மீட்டது. இன்றும் மேலாண்மை வகுப்புகளில் அதைப் பாடமாக வைக்கிறார்கள். அதே நிறுவனத்தின் டால்கம் குழந்தைப் பவுடர்மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தபோது 1982இன் புகழ் கைகொடுக்கவில்லை. 2023இல் உலகம் முழுவதும் அந்தப் பவுடரின் விற்பனையை நிறுத்தினார்கள். முதலாவதில் குற்றவாளி வெளியே இருந்தான். இரண்டாவதில் கேள்வியே உள்ளே இருப்பவர்களை நோக்கி.

நம் மாநிலத்திலேயே கண்முன் இருப்பது தூத்துக்குடி. 2013 மார்ச்சில் வாயுக் கசிவுப் புகாரால் ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய மாசுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, ஆலையை மூடச் சொன்ன 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவை நீக்கியது; பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலை இயங்க அனுமதித்தது. சட்டப்படி கணக்கு முடிந்தது. ஊரில் முடியவில்லை. 2018இல் விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது அவர்கள் பேசியது புதிய ஆலையைப் பற்றி மட்டுமா? மே 22 அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது, திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் முடித்துவைத்த கணக்கையும் உங்கள் நோட்டில் “திறந்தது” என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எது மறக்கும், எது மறக்காது என்று குறியுங்கள்

எல்லா நெருக்கடியும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் தடை, தமிழ்நாட்டிலும் தடை. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நவம்பரில் பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பின, மக்களும் திரும்பினார்கள். 2003இல் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு என்று பெரிய செய்தி. உறையை மாற்றினார்கள், அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்தார்கள், அதுவும் கடந்துபோனது.

போபால் கடக்கவில்லை. 1984 டிசம்பரில் விஷவாயுவைக் கக்கியது யூனியன் கார்பைடு ஆலை. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு. 2001இல் அந்த நிறுவனத்தை டௌ கெமிக்கல் வாங்கியது. வாங்கியவர்கள் அந்த ஆலையை ஒருநாளும் நடத்தியதில்லை. ஆனாலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் புரவலராக டௌ வந்தபோது போபாலின் பெயரைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. கம்பெனியை வாங்குபவர் அதன் இயந்திரங்களோடு அதன் இறந்தவர்களையும் வாங்குகிறார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. இந்துஸ்தான் யூனிலீவர் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். இடையில் கடந்த பதினைந்து ஆண்டுகளும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டவைதாம்.

நான் பயன்படுத்தும் சோதனை எளியது. பாதிப்பு உடம்பில் தங்கியதா? பிழைப்பைத் தொட்டதா? தினமும் நினைவூட்டும் ஏதாவது கண்ணெதிரே நிற்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் இரண்டு ஆண்டில் மங்கும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் உங்கள் பணிக்காலம் முழுவதும் இருக்கும். நூடுல்ஸ் பிடிக்காதவர் வேறு வாங்கிக்கொள்ளலாம். மணலியில் புகைபோக்கியை ஜன்னலிலிருந்து பார்க்கிறவர் வேறு காற்றை எங்கே வாங்குவார்?

பெரம்பூர்ப் பக்கம் போனால் இதன் நீளம் தெரியும். பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. காக்கித் துணியின் தரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற அதே பெரியவர், மூச்சு விடாமல் 1921 வேலைநிறுத்தத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் போய்விடுவார். அப்போது அவர் பிறக்கவே இல்லை. தாத்தா சொன்னதாம்.

படி 4: பக்கத்து வீட்டுப் பழியையும் உங்கள் கணக்கில் சேருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இரண்டே நாளில் மணலி பதறியது. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே பொருள், 37 கன்டெய்னர்களில் மணலிக் கிடங்கு ஒன்றில் இருந்தது வெளியே தெரிந்தது. அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. எங்களிடம் அந்தப் பொருள் ஒரு கிலோகூட இல்லை என்றால், “ஐந்து வருஷமாக அதுவும் இல்லை என்றுதானே நினைத்தோம்” என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். பதில் சொல்ல முடியவில்லை. மதிலுக்குள் இருப்பதைச் சொல்லாத வழக்கம் ஒருவருடையது அல்ல, வட்டாரத்துடையது. ஆகவே உங்கள் நோட்டில் மூன்றாவதாக ஒரு பகுதி வையுங்கள்: அடுத்த ஆலைகளின் சம்பவங்கள்.

படி 5: முதல் அறிவிப்பை இப்போதே எழுதிப் பாருங்கள்

2017 கப்பல் விபத்தின்போது சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. அடுத்த சில நாள்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சொன்ன அளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது.

2023 டிசம்பரில் மணலியின் சென்னை பெட்ரோலியம் நிறுவனம், தன் குழாய்களில் கசிவு இல்லை என்று சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு, ஆலையின் மழைநீர் வெளியேறும் பக்கத்தில் எண்ணெய் தேங்கியிருந்ததைக் காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. “குழாயில் கசிவு இல்லை” என்பது சொல்லுக்குச் சொல் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் மிதக்கும்போது, 2017இல் ஏற்கெனவே ஒரு “இல்லை”யைக் கேட்ட ஊருக்கு, குழாய்க்கும் வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாடு ஏமாற்று வேலையாகத்தான் கேட்கும்.

நம் அலுவலகங்களில் தயாராக இருக்கும் அறிவிப்பு இப்படி இருக்கும்: “நேற்றிரவு ஏற்பட்ட சிறிய அளவிலான கசிவு உடனடியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.” இதை ஊரார் காதால் கேளுங்கள். ‘ஏற்பட்ட’ என்றால் யாரும் செய்யவில்லை. ‘சிறிய’ என்றால் அளக்கவில்லை. ‘உடனடியாக’ என்றால் நேரம் சொல்ல விருப்பமில்லை. ‘கட்டுப்படுத்தப்பட்டது’, யாரால்? செயப்பாட்டு வினை இலக்கணப் புத்தகத்தில் குற்றமற்றது. குப்பத்துச் சுவரில் ஒட்டினால் அது ஒளிந்துகொள்ளும் இடம். கடைசி வாக்கியம் இன்னும் மோசம். இருமிக்கொண்டிருப்பவரிடம் அச்சப்பட வேண்டுமா வேண்டாமா என்று நாம் சொல்வதா?

மாற்றாக நான் எழுதிவைத்த மாதிரி இது. விவரங்கள் கற்பனை:

“நேற்று இரவு 11.20க்கு எங்கள் இரண்டாம் தொட்டியின் வால்வு கசிந்தது. 11.50க்கு அடைத்தோம். எவ்வளவு வெளியேறியது என்று இன்னும் அளக்கவில்லை. காலை 9 மணிக்கு இதே இடத்தில் எழுதி ஒட்டுவோம். இதே வால்வு நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் கசிந்தது. மாற்றுகிறோம் என்று அப்போது சொன்னோம், மாற்றவில்லை. கண் எரிச்சலோ இருமலோ இருப்பவர்களை அழைத்துப்போக மாநகராட்சிப் பள்ளி வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன.”

ஐந்தாவது, ஆறாவது வாக்கியங்களில் சட்ட ஆலோசகரின் பேனா வந்து நிற்கும். அவர் வேலை அது, சண்டை போடாதீர்கள். ஆனால் அவரிடம் உங்கள் நோட்டின் வலப்பக்கத்தைக் காட்டுங்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நாம் மறைத்தால் வழக்கில் லாபமில்லை, ஊரில் நஷ்டம். பழையதை எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் அதன் கூர் மழுங்குகிறது என்பது ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. நான் பத்து முறை வாதாடி மூன்று முறைதான் வென்றிருக்கிறேன். அந்த மூன்றும்தான் என்னை ஊருக்குள் நடக்கவிட்டன.

படி 6: நிவாரணப் பட்டியலில் விடுபட்டவரைத் தேடுங்கள்

படகு வைத்திருப்பவர் பெயர் பட்டியலில் வந்துவிடும், பதிவு இருக்கிறது. படகே இல்லாமல் இடுப்பளவு நீரில் நண்டும் இறாலும் பிடிப்பவருக்குப் பதிவு ஏது? மீன் வாங்க ஆளில்லாமல் ஒரு மாதம் கூடையைக் கவிழ்த்து வைத்தவருக்கு? அடுத்த சம்பவத்தின்போது ஒலிபெருக்கியைப் பிடிக்கப்போவது பட்டியலில் வந்தவர் அல்ல. பணம் கொடுத்து முடித்த பிறகு ஒரு மாதம் கழித்துப் போய், யார் விட்டுப்போனார்கள் என்று கேளுங்கள். மேலதிகாரி இதை வம்பை விலைக்கு வாங்குவது என்பார். வாங்குங்கள்; இப்போது விலை குறைவு.

படி 7: மாறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் கேட்கும் படிவங்களை நான் நம்புவதில்லை. கம்பெனியின் தொப்பி போட்ட பையன் வந்து கேட்டால் நம் ஊரில் எல்லாரும் நான்கு போட்டுவிட்டு மோர் கொடுத்து அனுப்புவார்கள். நான் ஒரே ஒரு சொல்லைக் கவனித்தேன். வாடை வந்தால் ஆயா எனக்குத் தொலைபேசியில் பேசுவார். முதல் சில ஆண்டுகள் அவர் சொன்னது: “தம்பி, உங்களுடையதுதான்.” கேள்வியே இல்லை. எங்களுடையதல்ல என்று நிரூபித்தாலும் அடுத்த முறையும் அந்தத் ‘தான்’ இருக்கும். பிறகு சில ஆண்டுகள் “உங்களுடையதுதானே?” என்று கொஞ்சம் இளகியது. நோட்டில் ஒவ்வோர் அழைப்புக்கும் எதிரே அந்த விகுதியை மட்டும் குறித்து வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசியில், அடைமழை இரவு இரண்டு மணிக்கு அழைத்தார். “தம்பி, உங்களுடையதா?” என்றார். தூக்கக் கலக்கத்திலும் அந்த ‘தான்’ இல்லாதது காதில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மழைநீர்க் கால்வாய் மடை வரைக்கும் டார்ச் விளக்கோடு நடந்து, காவலாளியை எழுப்பி, பூட்டைத் திறந்து பார்க்க நாற்பது நிமிடம் ஆனது. தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபடியே அழைத்தேன். “எங்களுடையதுதான் ஆயா” என்றேன்.